சன்னம் காற்றோடு படும் பாடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முல்லைத்தீவு மாவட்டத்தில் உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் படிப்பித்து ஓய்வு பெற்றவன் நான். எறியம் பற்றிய பாடம் வந்தால் யாராவது ஒருத்தன் துவக்குக் கேள்வி கேட்காமல் விடமாட்டான். பயிர்க்காவலுக்குச் சொட்கன், அதாவது உருண்டைகள் சிதறும் வேட்டைத் துவக்கு, வைத்திருக்கும் கமக்காரர்கள் வேறு மாதிரிக் கேட்பார்கள். இப்போது மூன்றாவது பக்கமும் சேர்ந்துவிட்டது. கனடாவில், அல்பேட்டாவில் இருக்கும் என் தங்கையின் மகன் வேட்டை உரிமம் எடுத்து, கார்த்திகை பிறந்தால் மான் தேடிப் போகிறான். வட்ஸ்அப்பில் அவன் அனுப்பும் குரல்பதிவுகளுக்குப் பதில் சொல்லியே எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஆகவே எழுதி வைக்கிறேன்.

கீழே வரும் கணக்குகளுக்கு மருமகனின் ரைபிளையே எடுத்துக்கொள்கிறேன்: .308 அங்குல விட்டம், 168 கிரேன், அதாவது 10.9 கிராம் சன்னம். குழலை விட்டு வரும்போது வேகம் செக்கனுக்கு ஏறக்குறைய 820 மீற்றர். தோட்டா என்றால் கோதோடு சேர்ந்த முழுவதும். சன்னம் என்றால் பறந்து போகும் ஈயமும் செப்பும் மட்டும். ஊரில் இரண்டையும் கலந்து சொல்வார்கள். இங்கே பிரித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

சன்னம் குழலை விட்டு வந்ததும் கொஞ்சம் மேலே எழும்புமாமே?

எழும்பாது. வெளியே வந்த கணமே விழத் தொடங்கிவிடும். எழும்புவது போலத் தெரிவதற்குக் காரணம், குழலைப் பார்வைக் கோட்டுக்குச் சற்று மேல்நோக்கிச் சாய்த்துப் பூட்டியிருப்பதுதான். தொலைநோக்கி குழலுக்கு நாலைந்து சென்ரிமீற்றர் மேலே இருக்கிறது. சன்னம் கீழிருந்து வந்து பார்வைக் கோட்டை ஒருமுறை வெட்டி மேலே போய், இன்னொரு முறை வெட்டிக் கீழே இறங்கும். மருமகனின் ரைபிள் 200 மீற்றருக்குச் சரி செய்யப்பட்டது. 300 மீற்றரில் அது 25 சென்ரிமீற்றர் அளவுக்குக் கீழே அடிக்கும். 500 மீற்றரில் ஒன்றரை மீற்றர் கீழே. பெரிய இறக்கம்தான். ஆனால் இது கணக்கில் அடங்கும் இறக்கம். இன்றைக்கும் அதே, நாளைக்கும் அதே.

சேர், எறியம் பரவளைவில் போகும் என்று படித்தோமே. சன்னமும் அப்படித்தானே?

வினாத்தாளில் அப்படித்தான். "வளித்தடையைப் புறக்கணிக்க" என்று ஒரு வரி போட்டிருப்பார்கள், கவனித்தாயா? அந்த ஒரு வரிக்குள் முழு உண்மையும் ஒளிந்திருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வளியே இல்லாவிட்டால், செக்கனுக்கு 820 மீற்றரில் 45 பாகை சாய்வில் சுட்ட சன்னம் 68 கிலோமீற்றருக்கும் மேலே போகும். முல்லைத்தீவுப் பட்டினத்திலிருந்து வவுனியாவுக்குப் பறவை பறக்கும் தூரம் அவ்வளவுதான். உண்மையில் அந்தச் சன்னம் நாலு கிலோமீற்றர் அளவில் விழுந்துவிடும். மிச்சம் அறுபத்து நாலு கிலோமீற்றரையும் தின்றது காற்று.

இன்னொரு விதமாகப் பார். முதல் நூறு மீற்றருக்குள்ளேயே சன்னம் செக்கனுக்கு அறுபதுக்கும் மேற்பட்ட மீற்றர் வேகத்தை இழக்கிறது. அந்த வேகக் குறைவை விசையாக மாற்றினால், வளித்தடை சன்னத்தின் நிறையைப் போல் ஐம்பது மடங்குக்கு மேல் வரும். ஈர்ப்பு ஒரு பங்கு, காற்று ஐம்பது பங்கு. நாங்கள் ஐம்பதைப் புறக்கணித்துவிட்டு ஒன்றுக்குக் கணக்குச் செய்து முழுப் புள்ளி வாங்குகிறோம்.

இதை முதலில் அளந்து காட்டியவர் பெஞ்சமின் ரொபின்ஸ் என்ற ஆங்கிலேயர். கனமான மரக்கட்டையை ஊசல் போலத் தொங்கவிட்டு, அதில் சன்னத்தை அடித்து, கட்டை எவ்வளவு ஆடுகிறது என்பதை வைத்து வேகத்தைக் கண்டுபிடித்தார். 1742இல் அதைப் புத்தகமாகப் போட்டார். அதுவரை பலர் எண்ணியிருந்ததைவிட வளித்தடை எத்தனையோ மடங்கு பெரியது என்று அவர் காட்டியபோது ஐரோப்பா அசந்து போனது. ஒயிலர் போன்ற கணித மேதை அந்தப் புத்தகத்தை 1745இல் ஜேர்மன் மொழிக்குக் கொண்டுபோனார். இந்த ரொபின்ஸ் கடைசியில் கண்ணை மூடியது எங்கே தெரியுமா? நமக்கு அக்கரையில், கடலூர் தேவனாம்பட்டினத்துக் கோட்டையில், 1751இல். கிழக்கிந்தியக் கும்பனியின் கோட்டைகளைத் திருத்த வந்த இடத்தில் காய்ச்சல் கண்டு போய்விட்டார்.

மூக்கு எவ்வளவு கூரோ அவ்வளவு நல்லது. சரிதானே?

பாதி சரி. மூக்கு காற்றைக் கிழிக்கிறது. வால் காற்றை மூடுகிறது. இந்த இரண்டாவது வேலையைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள்.

முல்லைத்தீவுக் கரையில் நின்று வள்ளம் கடலுக்குப் போவதைப் பாருங்கள். முன்னணியத்தில் தண்ணீர் அழகாகப் பிரியும். பின்னுக்கு, இயந்திரம் பூட்டியிருக்கும் தட்டையான பக்கத்தில்தான் சுழியும் நுரையும் குழம்பும். தட்டையான அடியுள்ள சன்னத்துக்குப் பின்னாலும் இதே கதைதான். அங்கே அமுக்கம் குறைந்து, சன்னத்தைப் பின்னுக்கு இழுக்கும். அடியைச் சற்று ஒடுக்கிவிட்டால் அந்த வெற்றிடம் சிறிதாகும், இழுவையும் குறையும். பழைய கட்டுமரக்காரனுக்கும் பாய்வள்ளக்காரனுக்கும் தெரிந்த விஷயம்.

என் மேசையில் ஒரு சன்னம் இருக்கிறது. கூரை வேலைக்குப் பனை தறித்து அரியக் கொடுத்தபோது, ஆலை வாளின் பல் இரண்டை முறித்துக்கொண்டு வெளியே வந்தது. வன்னியில் மர ஆலை வைத்திருப்பவர்களுக்கு இது பழகிப்போன சனியன். செம்பு நிறம் கறுத்துப் போயிருக்கிறது. என் சின்னவிரல் நுனிக் கணுவைவிடச் சற்றே நீளம், ஏறக்குறைய 26 மில்லிமீற்றர். மூக்கு மரத்தின் வைரத்தில் மோதிக் கொஞ்சம் கோணியிருக்கிறது. பக்கத்தில் சரிந்து ஓடும் 4 தழும்புகள் உண்டு, குழலின் உள்வரிகள் பதிந்த அடையாளம். அடியைத் தடவினால் விரலுக்கே தெரியும்: கடைசி இரண்டு மூன்று மில்லிமீற்றர் உள்ளுக்கு ஒடுங்குகிறது. வகுப்பில் பிள்ளைகளிடம் இதைக் கைமாற்றிக் கொடுத்தால், மூக்கைப் பார்ப்பார்களே தவிர ஒருவரும் அடியைப் பார்க்கமாட்டார்கள்.

வரலாறும் அப்படித்தான். 19ஆம் நூற்றாண்டின் கடைசிவரை படைகள் எல்லாம் மொட்டை மூக்குச் சன்னம்தான் வைத்திருந்தன. பிரெஞ்சுக்காரர்கள் 1898இல் கூர்மூக்கும் ஒடுங்கிய வாலும் உள்ள சன்னத்தைக் கொண்டுவந்தார்கள். ஜேர்மனியர் 1905இல் கூர்மூக்குக்கு மாறினார்கள், பிரித்தானியர் தங்கள் .303 ரைபிளுக்கு 1910இல் மாறினார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். 200 மீற்றருக்குள் சுடுகிறவனுக்கு ஒடுங்கிய வாலால் பெரிய இலாபம் கிடையாது. தட்டை அடியுள்ள சன்னம் அந்தத் தூரத்தில் சில குழல்களில் இன்னும் நெருக்கமாகக்கூட அடிக்கும். முக்கியமானது அடி ஒழுங்காக இருப்பது. மூக்கு நுனி கொஞ்சம் நசுங்கினால் அவ்வளவு கெடுதல் இல்லை. அடியின் ஓரத்தில் ஒரு கீறல் இருந்தால், குழலை விட்டு வரும் கணத்தில் வாயு ஒரு பக்கமாகப் பீறிட்டுச் சன்னத்தைத் தள்ளிவிடும்.

தோட்டாப் பெட்டியில் போட்டிருக்கும் "பி.சி." எண் என்ன, மாமா?

சன்னம் காற்றுக்கு எவ்வளவு தாக்குப் பிடிக்கும் என்று சொல்லும் எண். கூடினால் நல்லது. திணிவை விட்டத்தின் வர்க்கத்தால் வகுத்து, அதை வடிவத்துக்கான ஒரு காரணியால் மறுபடி வகுத்தால் வருவது. ஒரே விட்டத்தில் நீளமும் பாரமும் கூடின சன்னத்துக்குப் பெரிய எண் வருவது அதனால்தான்.

ஒரு பொறி இருக்கிறது. வடிவக் காரணி என்றால் ஏதாவது ஒரு மாதிரிச் சன்னத்தோடு ஒப்பிட வேண்டும். ஜி1 என்பது பழைய காலத்து, குட்டை மூக்கும் தட்டை அடியும் கொண்ட மாதிரி. ஜி7 என்பது நீண்ட மூக்கும் ஒடுங்கிய வாலும் கொண்ட மாதிரி. ஒரே சன்னத்துக்கு ஜி1இல் 0.5 வந்தால் ஜி7இல் 0.25 அளவில்தான் வரும். விற்கிறவர்கள் பெட்டியில் பெரிய எண்ணைத்தான் போடுவார்கள், அது வியாபாரம். தூரக் கணக்குக்கு ஜி7 எண்ணைத் தேடி எடு, கணிப்பானில் எந்த மாதிரி என்பதையும் சரியாகத் தெரிவு செய். ஜி1 எண்ணை ஜி7 பெட்டிக்குள் போட்டால், உன் சன்னம் கைத்தொலைபேசியில் மட்டும் நேராகப் போகும்.

பாரமான சன்னம் கெதியாக விழுமா?

விழாது. எல்லாம் ஒரே வேகத்தில்தான் விழும். பாரமான சன்னம் குழலை விட்டு வரும்போது வேகம் குறைவு, அதனால் கிட்டத் தூரத்தில் சற்றுக் கீழே அடிக்கும். ஆனால் வேகத்தைக் காத்து வைத்திருக்கும், தூரம் போகப் போக இலேசான சன்னத்தைப் பிடித்துவிடும்.

காற்று உண்மையில் எவ்வளவு தள்ளும்?

இந்தப் பக்கத்தில் ஒரு கேள்வியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

குறுக்கே செக்கனுக்கு நாலரை மீற்றர் காற்று. இது புயல் அல்ல. இலையும் சின்னக் கொப்பும் விடாமல் அசையும் காற்று, அவ்வளவுதான். அதில் மருமகனின் சன்னம் 300 மீற்றரில் 20 சென்ரிமீற்றர் விலகும். 500 மீற்றரில் 60 சென்ரிமீற்றர். தூரம் இரண்டு மடங்குகூட ஆகவில்லை, விலகல் மூன்று மடங்கு.

ஏன்? காற்று பக்கத்தில் நின்று தள்ளுகிறது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். அப்படியானால் பறக்கும் நேரம் முழுவதும் கணக்கில் வரவேண்டும்: 300 மீற்றருக்கு 0.41 செக்கன், அதை நாலரையால் பெருக்கினால் 1.8 மீற்றர். உண்மை விலகல் அதில் ஒன்பதில் ஒரு பங்குதான். நடப்பது வேறு. பம்பரம் போல நிலையான சன்னம், தன்னை நோக்கி வரும் காற்றோட்டத்தின் பக்கம் மூக்கைத் திருப்பிக்கொள்கிறது. குறுக்குக் காற்று இருந்தால் மூக்கு அந்தப் பக்கம் மிகச் சிறிதாகத் திரும்பும். அப்போது அந்த ஐம்பது மடங்கு இழுவை நேர் பின்னுக்கு இழுக்காமல், கொஞ்சம் பக்கவாட்டாகவும் இழுக்கிறது. ஆகவே விலகல் என்பது பறந்த நேரத்தைப் பொறுத்தது அல்ல, சுணங்கிய நேரத்தைப் பொறுத்தது. வெற்றிடத்தில் 300 மீற்றரைக் கடக்க 0.366 செக்கன் போதும், காற்றில் 0.41. சுணக்கம் 0.045 செக்கன் அளவு. அதை நாலரையால் பெருக்கு: 20 சென்ரிமீற்றர். சரியாக வருகிறதா?

சன்னத்தின் வடிவம் தூர வேட்டைக்காரனுக்கு ஏன் முக்கியம் என்பதற்கான பதிலும் இதுதான். நல்ல வடிவம் சுணக்கத்தைக் குறைக்கும், அதனால் காற்றைப் பற்றிய உன் பிழையான ஊகத்துக்கு நீ கட்டும் தண்டப்பணம் குறையும். இறக்கத்தை எந்தச் சன்னத்துக்கும் கணக்குப் போட்டு ஈடு செய்யலாம். காற்றை ஊகிக்கத்தான் முடியும்.

காற்றை எப்படிப் பார்ப்பது?

நம்மவர்கள் காற்றுக்கு வைத்த பெயர்களைப் பாருங்கள்: தெற்கிலும் தென்மேற்கிலும் இருந்து வந்தால் சோளகம், வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கச்சான். வலை விடுகிறவனும் சூடு தூற்றுகிறவனும் காலையில் எழுந்து முதலில் பார்ப்பது அதைத்தான். ஆனி ஆடியில் குளக்கட்டில் ஏறி நின்றால் சோளகம் வெட்டவெளி வயலுக்கு மேலால் புழுதியை அள்ளிக்கொண்டு வரும். புழுதி கிளம்பினால் செக்கனுக்கு ஆறேழு மீற்றர் என்று வையுங்கள்.

ஆனால் குளக்கட்டில் உங்கள் முகத்தில் படும் காற்று வேறு, கீழே வயலில் அடிக்கும் காற்று வேறு, அந்தப் பக்கத்துக் காட்டோரத்தில் வேறு. பாலை மரத்தின் உச்சி ஆடும், அடியில் காவல் கொட்டிலின் கிடுகு அசையாது. சன்னம் இந்த மூன்றுக்குள்ளாலும் போக வேண்டும். மூன்றிலும் சுடுகிறவனுக்குக் கிட்டேயுள்ள காற்றுக்குப் பலம் அதிகம்: தொடக்கத்தில் திசை கொஞ்சம் திரும்பினாலும் அந்தத் திருப்பம் வழி முழுவதும் வளரும். அதற்காக நடுவழியை மறந்துவிடக் கூடாது.

வெயில் நேரத்தில் கானலைப் பார்க்கலாம். தொலைநோக்கியில் கானல் நேரே மேலே கொதித்தால் காற்றில்லை, அல்லது உங்கள் நேருக்கு வருகிறது. ஒரு பக்கமாகச் சரிந்து ஓடினால் காற்று அந்தப் பக்கம் போகிறது. சித்திரை மத்தியானம் மாங்குளத்துக்கும் முறிகண்டிக்கும் இடையில் ஏ9 வீதியைப் பார்த்தவர்களுக்குக் கானலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. கானல் இலக்கின் உருவத்தையே சற்று இடம்மாற்றியும் காட்டும் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

ஈரக் காற்று பாரமானது, அதனால் மாரியில் சன்னம் சுணங்கும் என்கிறார்களே?

மாறி நினைக்கிறார்கள். நீராவி மூலக்கூறு வளியைவிட இலேசு: 18க்கு 29. ஈரம் கூடினால் வளியின் அடர்த்தி சற்றே குறையும். வித்தியாசம் வேட்டைக்காரன் கவலைப்படும் அளவுக்கு இல்லை.

வெப்பநிலைதான் ஆள். 33 பாகை வெயிலில் ஒரு கன மீற்றர் வளி 1.15 கிலோகிராம் அளவு. அதே அமுக்கத்தில் பூச்சியத்துக்குக் கீழே 10 பாகையில் 1.34 கிலோகிராம். கோடையில் ரைபிளைச் சரிசெய்துவிட்டுப் பனிக்காலத்தில் அப்படியே தூக்கிக்கொண்டு போகிறவனுக்கு, 300 மீற்றரில் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் கூடுதலாக இறங்கும். 500இல் பத்துக்கு மேல். குளிரில் வெடிமருந்து எரியும் வேகமும் குறைவதால் இன்னும் கொஞ்சம் சேரும். மறுபுறம், அல்பேட்டாவின் மேட்டுநிலம் வளியை மெலிதாக்கி ஓரளவு ஈடு செய்யும். மருமகனே, வேட்டைக் குளிரிலேயே ஒருமுறை சுட்டுப் பார்.

சன்னம் எதற்காகச் சுழல்கிறது? முரளியின் பந்து மாதிரி வளையவா?

வளையாமல் இருக்க. கூரான நீளச் சன்னத்தின் பாரம் பின்பக்கம், காற்று அழுத்துவது முன்பக்கம். சுழற்றாமல் விட்டால் குப்புறப் புரண்டுவிடும். குழலின் உள்ளே திருகாணி மாதிரி ஓடும் வரிகள் அதைச் சுழற்றி அனுப்புகின்றன. 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால், செக்கனுக்கு ஏறக்குறைய 2,700 சுற்று. பம்பரம் விட்ட உடனே கொஞ்சம் தள்ளாடி, பிறகு அப்படியே உறங்கும், பார்த்திருப்பீர்கள். சன்னமும் அப்படித்தான்.

நீளம் கூடக் கூட முறுக்கும் கூட வேண்டும். கிரீன்ஹில் என்ற கணிதர் 1879இல் சொன்ன சூத்திரம் இன்றும் கைக்கணக்குக்கு உதவும்: விட்டத்தின் வர்க்கத்தை 150ஆல் பெருக்கி, நீளத்தால் வகுத்தால் ஒரு சுற்றுக்கான தூரம் வரும். நீண்ட சன்னத்தை வாங்கிவிட்டு, பழைய குழலில் அது ஏன் ஊருலாப் போகிறது என்று கேட்பவர்கள் இதைப் பார்க்க வேண்டும்.

முரளியின் பந்து காற்றில் அலைவது மேக்னஸ் விளைவால், அதாவது சுழலும் பந்தைக் காற்று ஒரு பக்கம் தள்ளுவதால். வலப்பக்கம் சுழலும் சன்னம் மெல்ல வலப்பக்கம் ஒதுங்குவதும் உண்மைதான், ஆனால் முக்கியக் காரணம் அதுவல்ல. பாதை வளைந்து இறங்கும்போது மூக்கு அதைப் பின்தொடரச் சற்று வலப்பக்கம் பார்த்தபடி போகிறது. 300 மீற்றரில் ஒன்றிரண்டு சென்ரிமீற்றர். விட்டுவிடலாம்.

பூமி சுற்றுவதையும் கணக்கில் எடுக்க வேண்டுமா?

வேண்டாம். நாம் இருப்பது வடக்கு 9 பாகையில். பக்கவாட்டு விலகல் 1,000 மீற்றரில்கூட இரண்டு சென்ரிமீற்றர்தான்.

ஒலியைவிட வேகம் குறையும்போது சன்னம் குழம்புமாமே?

ஒலியைவிட வேகமாகப் போகும் சன்னம் தன் மூக்கில் ஒரு அதிர்ச்சி அலையைச் சுமந்துகொண்டு போகிறது. ஏர்ன்ஸ்ட் மாக், சால்ச்சர் என்ற இருவர் 1880களின் நடுவில் அதைப் படமாகவே பிடித்துவிட்டார்கள்; படத்தைப் பார்த்தால் வள்ளத்தின் முன்னால் பிரியும் அலை மாதிரியே இருக்கும். முப்பது வயது தாண்டிய வன்னிக்காரருக்குப் படம் தேவையில்லை. தலைக்கு மேலால் முதலில் "சடக்" என்று ஒரு சத்தம், பிறகு தூரத்தில் "டும்". முதலாவது அந்த அலை, இரண்டாவது துவக்கு. இரண்டுக்கும் இடைவெளி கூடினால் தூரம் கூட என்று பதுங்குகுழிக்குள் இருந்த சின்னப் பிள்ளைக்கும் தெரிந்திருந்தது.

வேகம் ஒலியை நெருங்கும்போது இந்த அலைகள் சன்னத்தின் உடலில் இடம்மாறும், அமுக்கம் தாறுமாறாகும், சில சன்னங்கள் ஆடத் தொடங்கும். மருமகனின் சன்னம் 750 மீற்றர் அளவில் அந்த வலயத்துக்குள் நுழையும். வேட்டைக்காரன் அந்தத் தூரத்தைப் பற்றிக் கேட்கவே கூடாது என்பது என் அபிப்பிராயம்.

பற்றைக்குள்ளால் சுட்டால் பாரமான சன்னம் நேரே போகுமா?

போகாது. எந்தச் சன்னமும் சுள்ளியில் பட்டால் திசை மாறும். பாரமான, மொட்டை மூக்குச் சன்னம் கொஞ்சம் குறைவாக மாறலாம், அதை நம்பிச் சுட முடியாது. பட்ட சுள்ளி மானுக்கு ஒரு முழம் முன்னால் இருந்தால் தப்பலாம். உங்களுக்குப் பக்கத்தில் இருந்தால் சன்னம் எங்கே போகும் என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

மாஸ்ரர், என்ரை சொட்கன் எவ்வளவு தூரம் போகும்?

இரண்டு பதில். பன்றிக்கு 30, 35 மீற்றர். மனிதருக்கு அரைக் கிலோமீற்றருக்கு மேல்.

உருண்டை என்பது காற்றுக்கு மிக மோசமான வடிவம். ஒலியைவிட வேகமாகப் போகும்போது, அதே குறுக்களவுள்ள கூர்ச் சன்னத்தைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு இழுவை. அதனால் பெரிய உருண்டைகள் அடைத்த எஸ்.ஜி. தோட்டாவின் உருண்டைகள் சீக்கிரம் களைத்துவிடும், அதோடு விரிந்தும் போகும். 35 மீற்றர் தாண்டினால் ஒன்பது உருண்டைகளும் ஒரு மாட்டு வண்டிச் சில்லைவிட அகலமான வட்டத்தில் சிதறும். பன்றியில் ஒன்று பட்டால் அது காட்டுக்குள் ஓடி மூன்று நாள் கிடந்து சாகும், அல்லது காயத்தோடு உங்கள் பக்கம் திரும்பும்.

ஆனால் களைத்த உருண்டையும் கண்ணை எடுக்கும். எவ்வளவு தூரம் போய் விழும் என்பதற்குப் பிரெஞ்சு அதிகாரி ஜூர்னே சொன்ன ஒரு சுலபக் கணக்கு உண்டு. உருண்டையின் விட்டம் எத்தனை மில்லிமீற்றரோ, அத்தனை எண்பது மீற்றர். எஸ்.ஜி. உருண்டை 8.4 மில்லிமீற்றர்: 670 மீற்றர். முயலுக்குப் போடும் 3 மில்லிமீற்றர்ச் சன்னம்: 240 மீற்றர். உங்கள் வயலிலிருந்து 670 மீற்றருக்குள் எத்தனை காவல் கொட்டில் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

குளத்துப் பக்கம் சுடவே வேண்டாம். ஓட்டுத் துண்டைச் சரித்து எறிந்தால் தண்ணீரில் தத்தித் தத்திப் போகிறதே, சன்னமும் தத்தும்.

அந்தக் காலத்து இடியன் துவக்கு ஏன் நேரே அடிக்காது?

குழலில் வரி இல்லை, உருண்டை குழலுக்கு இறுக்கமாகவும் இல்லை. உள்ளே அங்கும் இங்கும் தட்டுப்பட்டு, கடைசியாக எந்தப் பக்கம் உரசியதோ அதற்கேற்ப ஏதோ ஒரு சுழற்சியோடு வெளியே வரும். ஒவ்வொரு வெடிக்கும் சுழற்சி வேறு, அதனால் வளைவும் வேறு. இங்கேதான் முரளியின் பந்துக் கதை பொருந்தும். ரொபின்ஸ் இதைக் குழலையே வளைத்துச் சுட்டுக் காட்டினார்: இடப்பக்கம் வளைந்த குழலிலிருந்து வந்த உருண்டை, போகப் போக வலப்பக்கம் திரும்பியது. இப்போது இந்தத் துவக்கைக் காட்டுவழியில், தட்டினால் வெடிக்கும்படி கம்பி கட்டி வைக்கிறார்கள். அதற்குக் குறி வைக்கும் ஆளும் இல்லை, பார்க்கும் கண்ணும் இல்லை. எங்கள் ஊரில் விறகுக்குப் போன ஒருவர் இன்றும் ஒரு கால் இழுத்துத்தான் நடக்கிறார்.

அப்ப மாமா, நான் எவ்வளவு தூரத்தில் சுடலாம்?

மானின் நெஞ்சுக்கூட்டில் சுவாசப்பையும் இதயமும் இருக்கும் இடம் ஒரு சோற்றுக் கோப்பை அகலம், 20 முதல் 25 சென்ரிமீற்றர். நடுவைக் குறி வைத்தால் இரண்டு பக்கமும் உனக்கு இருப்பது பத்துப் பன்னிரண்டுதான். காற்றை நீ செக்கனுக்கு இரண்டு மீற்றர் பிழையாக ஊகிக்கிறாய் என்று வை. அனுபவசாலிக்கும் இது சாதாரணம். 300 மீற்றரில் 9 சென்ரிமீற்றர் பிழை, தப்பினாய். 400இல் 16 தாண்டிவிடும்.

போன வருடம் நீ செய்ததை நானே எழுதிவிடுகிறேன், கோபிக்காதே. 340 மீற்றர். நீ நின்ற மரத்தடியில் இலை அசையவில்லை. நடுவில் திறந்த பள்ளத்தாக்கில் புல் சாய்ந்து கிடந்ததை நீ பிறகுதான் யோசித்தாய். சன்னம் ஒரு சாண் பின்னுக்குப் போய் வயிற்றில் பட்டது. இரவு முழுக்கப் பனியில் இரத்தத் துளி தேடி, விடியத்தான் அதைக் கண்டுபிடித்தாய். தொலைபேசியில் உன் குரலே சரியில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. வேட்டைச் சன்னம் பட்டதும் விரிய வேண்டும், அதற்கு வேகம் வேண்டும். பல சன்னங்களுக்கு செக்கனுக்கு 550 மீற்றருக்குக் கீழே போனால் விரிவது சந்தேகம். உன்னுடையது 500 மீற்றரில் 525க்கு வந்துவிடும். பெட்டியில் எழுதியிருப்பதைப் பார். என்னைக் கேட்டால், காற்றில்லாத நாளில் 300, காற்றுள்ள நாளில் 200. கிட்டப் போகக் கால் இருக்கிறதுதானே.

இதெல்லாம் வன்னியில் செய்யலாமா?

முடியாது. மானும் மரையும் 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள் தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் காக்கப்பட்டவை. பயிர்க்காவலுக்கு அனுமதிப்பத்திரத்தோடு கிடைப்பது சொட்கன்தான். அப்புறம், காட்டைத் தெரிந்தவர்களுக்கு வேறு காரணம் தேவையில்லை: முத்தையன்கட்டுப் பக்கத்துக் காட்டுக்குள் ஐம்பது மீற்றர் தெளிவாகத் தெரிந்தால் அதுவே அதிர்ஷ்டம்.

காணி துப்புரவாக்கும்போது தோட்டா கிடைத்தது. கொண்டுவந்து காட்டலாமா சேர்?

கொண்டுவராதே. என் மேசையில் இருப்பது சுட்டு முடிந்த வெறும் சன்னம். உனக்குக் கிடைத்ததில் கோது இருந்தால் உள்ளே மருந்து இருக்கும். துருப்பிடித்ததைப் பார்த்து என்ன வகை என்று உன்னால் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. மண்வெட்டியை அந்த இடத்திலேயே வை. வந்த கால்தடத்திலேயே திரும்பிப் போ. தூரத்தில் ஒரு தடியை நட்டு அடையாளம் வைத்துவிட்டு, கிராம சேவையாளருக்கோ பொலிஸுக்கோ சொல். ஒன்று கிடந்த இடத்தில் பக்கத்தில் இன்னொன்று கிடக்கும்.